இடையர் பாடாத பாட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், மூன்று பேர் என் தங்கை பெற்று என்னிடம் விட்டுப் போனவர்கள். ஏழு பேரும் தங்கள் தங்கள் காலில் நிற்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். எனக்கு எந்த அவசரமும் இல்லை.

இதில் ஒருவருடைய பெயரும் வராது. அதற்குக் காரணம் உண்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

எழுத வந்தது ஒரு இங்கிலாந்துக்காரரைப் பற்றி. கோயில்களில் பல குரல்கள் சேர்ந்து பாடுகிற பாட்டுகளை ஆக்கியவர். எசன் நகரத்தின் வடக்குப் பக்கத்தில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிட்ட இருக்கிறது எங்கள் பங்குக் கோயில். அங்கே முப்பது வருடத்துக்கு மேல் ஓர்கன் வாசித்தார், பாடற்குழுவை நடத்தினார். இறந்து இருபது வருடம் ஆகப்போகிறது. அவர் பிறந்து நூறு வருடம் என்று அண்மையில் விழா எடுத்தார்கள். அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு புத்தகமாகவும் போட்டார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு பொய் இருக்கிறது. "பொய் எண்டு சொல்லாதேங்கோ அம்மா, பிழை எண்டு சொல்லுங்கோ" என்கிறான் என் மூத்த மகன். நான் பொய் என்றே எழுதுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன். அது என்ன சொல் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, கூப்பிட்டவுடன் திரும்புவார்.

ஐயா பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே, ஆடு மேய்க்கிற மலைப்பக்கம். எட்டு வயதில் ஒரு பெரிய கோயிலின் பாட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இருபது வயதில் பட்டாளத்துக்காரனாக இந்த ஊருக்கு வந்தார். போர் முடிந்திருந்த நேரம். எங்கள் கோயிலுக்கு அப்போது கூரை இல்லை. உடைந்த கல்லைப் பெண்கள் வரிசையில் நின்று கைமாற்றிக்கொண்டே பாடுவதைக் கண்டிருக்கிறார். பட்டாள உடுப்போடு தெருவில் நின்று கேட்டாராம். ஒருத்தி அவர் கையிலும் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனாளாம். அதை அவர் பெருமையாகச் சொல்லுவார்.

ஊருக்குத் திரும்பிப் போய்ப் பெரிய பேர் எடுத்தார். பெரிய கோயில்களில் அவர் பாட்டைப் பாடினார்கள். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து, சுரங்கத்துக்காரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டார். இங்கிலாந்தில் அவரை மறந்துபோனார்கள். எதிரியின் ஊரில் போய் இருக்கிற ஆளை யார் நினைப்பார்கள்? "அங்க ஸ்திரிக்கை போட்ட சட்டை மாதிரிப் பாடுவினம். இஞ்ச கசங்கின சட்டை. எனக்குக் கசங்கினதுதான் விருப்பம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

இதெல்லாம் நடந்தது ஜெர்மன் மொழியில். அவருக்கும் எனக்கும் அது அளவு பொருந்தாத சப்பாத்து. இரண்டு பேரும் நொண்டி நொண்டித்தான் கதைத்தோம். அதை நான் என் வாய்க்கு வருகிறபடி எழுதுகிறேன். இனி வருகிற ஜெர்மன்காரர் பேச்சும் அப்படித்தான்.

நான் மன்னார்க் கரையைச் சேர்ந்தவள். மூத்தவனையும் கடைசியையும் மட்டும் கூட்டிக்கொண்டு, மற்ற ஐந்து பேரையும் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன், அவர்களை இங்கிருந்து காசு அனுப்பித்தான் வளர்த்தேன். வந்தது என் மச்சாளின் பாஸ்போர்ட்டில். அவள் தன் இரண்டு பிள்ளைகளையும் அதில் பதிந்து வைத்திருந்தாள், கடைசி நேரத்தில் பயந்து நின்றுவிட்டாள். அவள் பெயர் என் பெயராயிற்று, அவள் பிள்ளைகளின் பெயர் என் பிள்ளைகளின் பெயராயிற்று. அன்ட்ராக்கில், அதுதான் அகதி விண்ணப்பத்தில், அந்தப் பெயரைத்தான் எழுதினோம். ஒருமுறை எழுதினால் பிறகு ஒவ்வொரு தாளும் அதன் பின்னால்தான் வரும். இன்றைக்கும் என் ஆஸ்பத்திரிக் கார்டில் இருப்பது என் மச்சாள்தான். நான் பெயர் எழுதாததற்குக் காரணம் இதுதான். ஒளிக்கிறதற்கில்லை, பார்த்தீர்களா, சொல்லியே விட்டேன்.

அகதிகளை வைத்திருந்த ஹைம் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் நானாகவே நிலத்தைக் கழுவுவேன். கோயில் பார்க்கிறவர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு வாளியைக் காட்டினார்.

ஒரு தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்தின நோன்பு நாட்களில், ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா செத்துப்போய் மூன்று கிழமை. அடக்கமும் முடிந்து, பிள்ளைகளைப் பெரியம்மா கூட்டிப்போய்விட்டா என்று எழுதியிருந்தார்கள். ஹைமில் எங்கள் அறையில் ஆறு பேர் இருந்தோம், அழ இடமில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். குனிந்து கல்லைத் தேய்த்தபடி எங்கள் ஊர் ஒப்பைப் பாடினேன்.

ஒப்பு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து இருப்பார்கள். ஒரு பக்கம் மாதாவாக நின்று கேட்கும்: கரை வழியாய் வந்தவரே, என் மகனைக் கண்டீரோ? மற்றப் பக்கம் பதில் சொல்லும். கேட்கிற பகுதியின் கடைசி வரி முடியாது, அந்தரத்தில் நிற்கும். பதில் வந்துதான் அதை இறக்கி வைக்க வேண்டும். இதில் ஒரு ஒழுங்கு உண்டு. கேட்ட வாய் பதிலைப் பாடாது. எவ்வளவு பெரிய பாட்டுக்காரியாக இருந்தாலும் ஒருத்தி இரண்டையும் பாட மாட்டாள். தன் கேள்விக்குத் தானே பதில் சொல்கிறவளுக்கு ஆறுதல் சொல்ல ஆளில்லை என்று அர்த்தம். அது சாபம் மாதிரி. வீட்டில் சும்மா முணுமுணுக்கும்போதுகூட அம்மா கேள்வியோடு நிறுத்திவிடுவா. பதில் தெரிந்த யாராவது பக்கத்து வளவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

அன்றைக்கு நான் கேள்வியைப் பாடினேன், நிறுத்தினேன். மறுபடி கேள்வி, மறுபடி நிறுத்தினேன். பதில் சொல்ல எசனில் யார் இருந்தார்கள்?

ஐயா மேலே ஓர்கனுக்குப் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. காதில் பென்சிலோடு படியிறங்கி வந்து நின்றார். நெட்டை மனிதர், கூன் விழுந்த முதுகு. என் முன்னால் நிலத்தைக் காட்டி, "திரும்ப" என்றார். நான் பயந்துபோய் அந்தக் கல்லைத் திரும்பத் தேய்த்தேன். "இல்லை இல்லை, திரும்ப." நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அந்த ஒரு கல் மட்டும் அந்த வருடம் முழுக்கப் பளபளவென்று கிடந்தது. பிறகு அவர் குந்தியிருந்து, தன் தொண்டையைக் காட்டி, நான் பாடியதில் இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். பிழை பிழையாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா செத்த செய்தி வந்தபிறகு வந்த முதல் சிரிப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வாளியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவருக்குக் கேள்விப் பகுதியைப் பாடிக் கொடுத்தேன். எங்கள் ஒப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் நேரே விழாது, தொண்டையில் ஒரு மடிப்பு மடித்து விழும். அந்த மடிப்பை எழுத அவர்களுடைய எழுத்தில் அடையாளம் இல்லையாம். எழுதுவார், அழிப்பார், எழுதுவார். ஒருநாள் தாள் ஓட்டையாகிவிட்டது. கோபக்காரர். தாளோடு சண்டை போடுவாரே தவிர என்னோடு போட மாட்டார்.

"இது முடியேல்லை. மிச்சம் எங்க?" என்று கேட்டார்.

"மிச்சம் இருக்கு. நான் பாட ஏலாது."

"ஏன்?"

ஒழுங்கைச் சொன்னேன். கை, கண், அரைகுறை ஜெர்மன் எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப கேள்வியை வேற ஆள் பாடினா நீ பதில் பாடுவாயோ?"

"ஓம்."

எழுந்து நின்றார். அறுபது வயது மனிதர், கர்த்தரின் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் நின்று, எங்கள் மன்னார்க் கரைப் பெண்களின் கேள்வியைத் தமிழ்ச் சொற்களோடு பாடினார். உச்சரிப்பு கந்தறுந்தது. ஆனால் மடிப்பு சரி. கடைசி வரியை அந்தரத்தில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் பதிலைப் பாடினேன். கண்டோம் தாயே, கண்டோம், தண்ணீர் கேட்டார், கொடுத்தோம் என்று தொடங்கும். ஏழு வரி. அம்மாவுக்காக நான் பாடியது அந்த ஒருமுறைதான்.

பென்சில் அவர் கையில்தான் இருந்தது. அவர் எழுதவில்லை. பாடி முடித்ததும் பென்சிலை வாங்குப் பலகையில் வைத்தார். "இது எனக்கில்லை" என்றார்.

அதனால்தான் அவருடைய பாட்டில் கேள்வி மட்டும் இருக்கிறது. அதன்மேல் வேதாகமத்துச் சொற்களை வைத்தார், ஆண்டவரே எவ்வளவு காலம் என்று. மெட்டைக் கீழ்க்குரல் பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களுக்கு மடிப்பு வரவில்லை. "இவாவுக்குப் பக்கத்தில இருங்கோ, இவா போறபடி போங்கோ" என்று என்னைக் கொண்டுபோய் நடுவில் உட்கார வைத்தார். நான் பாடற்குழுவில் சேர்ந்தது அப்படித்தான். இசைத்தாள் வாசிக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவள் தாளைத் திருப்பும்போது நானும் திருப்புவேன், மரியாதைக்கு.

அச்சுக்கு அனுப்பும்போது கேட்டார். "மெட்டு ஆருடையது எண்டு போட வேணும். உன்ர பேர் என்ன?"

என்ன சொல்வேன்? என் பெயரைச் சொன்னால் அன்ட்ராக் பொய்யாகிவிடும். எங்கள் விசாரணைக்கான டெர்மின், அந்தத் தவணை நாள், வரவிருந்தது. மச்சாளின் பெயரைச் சொன்னால், ஒரு ஒப்பும் பாடத் தெரியாத அந்தக் கழுதைக்கு அம்மாவின் மெட்டு போய்விடும். "பேர் வேண்டாம் ஐயா" என்றேன். "பேர் இல்லாமல் எப்பிடி?" என்றார். "வேண்டாம். ஒண்டும் போடாதேங்கோ." என் முகத்தைப் பார்த்தார். அகதிக்குத் தாள் என்றால் பயம் என்பது விளங்கியிருக்க வேண்டும். ஒன்றும் போடவில்லை.

அது என் பிழை. ஊரின் பெயரையாவது போடச் சொல்லியிருக்கலாம், அன்றைக்கு அந்தப் புத்தி வரவில்லை. வெற்றிடம் விட்டால் யாரோ வந்து உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஐயா இறந்தார். தாள்களெல்லாம் இங்கிலாந்துக்குப் போயின. அவரோடு பாடிய கீழ்க்குரல்காரிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் நான்தான்.

இப்போது குழுவை நடத்துகிறவ நாற்பது வயதுப் பெண். நான் ரீச்சர் என்று கூப்பிடுவேன். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, வயதானவர்கள் மூச்சு வாங்க நேரம் கொடுப்பா. விழாவுக்கு மூன்று கிழமை முன்பு, ஒத்திகையில், புத்தகத்தின் அச்சுத்தாளைக் கொண்டுவந்து வாசித்தா. எழுதியவர் இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர். பட்டாளம், கல், ஓர்கன் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அந்தப் பாட்டுக்கு வந்தா. அந்த மெட்டு, ஐயா சிறு வயதில் தன் மலைகளில் இடையர்கள் பாடக் கேட்டது என்று எழுதியிருந்தது. முடியாமல் நிற்கிற கடைசி வரி, முதுமையில் அவருக்கு வந்த விசுவாசக் குழப்பத்தைக் காட்டுகிறதாம்.

நான் கையை உயர்த்தினேன்.

"என்ன, யன்னலைச் சாத்தவோ?" என்று ரீச்சர் கேட்டா.

"இல்லை. அது பொய்."

எல்லோரும் திரும்பினார்கள். எனக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிறவ, ஓய்வுபெற்ற தாதி, ஐயாவோடு பாடாவிட்டாலும் அவரைக் கண்டு பழகினவ, வாய்த்துடுக்குக்காரி. "எது பொய்? ஐயாவுக்குக் குழப்பம் வந்ததோ? அந்த மனுசனுக்குப் பசியும் கோபமும்தானே வரும்" என்றா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இடையர் பொய். இடையர் பாட மாட்டினம் எண்டு ஐயாவே எனக்குச் சொன்னவர். நாய்க்கு விசிலடிப்பினம், அவ்வளவுதான். அந்த மெட்டு மன்னார்க் கரைப் பெண்டுகளுடையது. என்ர அம்மா பாடினது. நான் இந்தக் கோயில் நிலத்தைக் கழுவிக்கொண்டு பாட, அவர் எழுதினவர்."

ரீச்சர் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் கேட்டா. "நீங்கள் இவ்வளவு வருசமும் ஏன் சொல்லேல்லை?"

"இவ்வளவு வருசமும் ஒருத்தரும் இடையன் எண்டு சொல்லேல்லையே."

"அதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ? தாள், கடிதம்?"

"தாள் இல்லை. மிச்சப் பாட்டு இருக்கு. ஆனா கேள்வியை நான் பாட மாட்டன், நீங்கள் பாட வேணும்."

ஏன் என்று விளக்கினேன். தாதி, "சரி, பாடுவம், என்ன நட்டம்? தேத்தண்ணிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றா. ரீச்சர் கையை உயர்த்தினா. நான் வாங்கிலிருந்து எழும்பி மற்றப் பக்கம் போய்த் தனியே நின்றேன். அவர்கள் பாடினார்கள். ஜெர்மன் பெண்கள் ஒன்பது பேர், நான் மடித்துக் கொடுத்த மடிப்போடு. கடைசி வரி அந்தரத்தில் நின்றது. நான் எடுத்தேன். ஏழு வரி. அறுபது வயதில் பாடியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் எங்கும் பிசகவில்லை. அந்தரத்தில் நின்றது நிலத்துக்கு வந்தது.

தாதி மூக்கைத் துடைத்துவிட்டு, "இடையன் எண்டா இப்பிடியோ பாடுவான்?" என்றா.

ரீச்சர் நேர்மையானவ. அதனால்தான் அவவுடைய கேள்வி என்னைக் குத்தியது. "பொருந்துது. அருமையாப் பொருந்துது. ஆனா அம்மா, நீங்கள் இந்த மெட்டை முப்பது வருசத்துக்கு மேல பாடுறீங்கள். பதிலை நீங்கள் பிறகு உங்கட மனசில உண்டாக்கியிருக்கலாம் எண்டு பேராசிரியர் கேட்டா நான் என்ன சொல்ல?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கக்கூடிய கேள்விதான்.

"ஓம், உண்டாக்கியிருக்கலாம். அப்பிடியெண்டா நான் உண்டாக்கினன் எண்டு எழுதுங்கோ. ஒண்டில் எங்கட ஊர்ப் பெண்டுகள், இல்லாட்டி நான். ரெண்டில ஒண்டு. இடையன் மட்டும் இல்லை."

பேராசிரியருக்கு எழுதுவதாகச் சொன்னா. உடனே அடுத்த கேள்வி. "எந்தப் பேரில எழுத?" மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றேன்.

"பேர் வேண்டாம். மன்னார்க் கரைப் பெண்கள் எண்டு எழுதுங்கோ. அதுதான் உண்மையும்."

வீட்டுக்கு வந்து மூத்தவனிடம் சொன்னேன். சட்டியில் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றவன் அடுப்பை நிறுத்திவிட்டான்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரோ? ஏன் இப்ப உதைக் கிண்டுறீங்கள்?"

"பருப்பை நீ கிண்டு. இதை நான் கிண்டுறன்."

"பகிடி விடாதேங்கோ. நீங்கள் எப்ப வந்தனீங்கள், ஆற்ற பேரில வந்தனீங்கள் எண்டு ஆரும் தேடினா? நான் தொழில் படிச்ச அவுஸ்பில்டுங் பத்திரம், வேலை, கலியாணப் பத்திரம் எல்லாம் அந்தப் பேரில. என்ர பிள்ளையின்ர பேருக்குப் பின்னால நிக்கிறதும் அதுதான்."

அவன் ஹைமில் இருந்தபோது பதினொரு வயது. ஆர் கேட்டாலும் இந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று நான்தான் அவனுக்கு அடித்துப் பழக்கினேன். மறந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் தன் சொந்தப் பெயரை எழுதிய நாளில் கன்னத்தில் அறைந்தேன். ஐம்பது வயதிலும் அந்தப் பயம் அவனை விட்டுப் போகவில்லை. அது நான் வைத்த பயம். ஆகவே கோபப்படாமல் சொன்னேன்.

"உன்ர பேரையோ என்ர பேரையோ ஒருத்தருக்கும் நான் குடுக்கேல்லை, குடுக்கவும் மாட்டன். ஆனா தம்பி, பேரைத்தான் விட்டனான். அம்மாவையும் சேத்து விட ஏலாது."

"ஒரு பாட்டுத்தானேயம்மா."

"ஓம், பாட்டுத்தான். வீடு போச்சு, வள்ளம் போச்சு, உன்ர அப்பாவும் கடலோட போனார். அவவிட்ட இருந்து நான் கொண்டு வந்தது வேறென்ன? சொல்லு பாப்பம்."

அவன் அடுப்பை மூட்டினான். அன்றைக்குப் பருப்பில் உப்பில்லை, இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

பத்து நாளில் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. ரீச்சர் வாசித்தா. மிகவும் சுவாரசியமான தகவல், நன்றி, ஆனால் எழுத்தில் ஆதாரம் இல்லாமல் மாற்ற முடியாது, புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. இடையருக்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். ரீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தா, மறுபக்கம் வெறும் வெள்ளை. "அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்றா. அவ முகம் சிவந்துவிட்டது.

"சரி. அப்ப நான் கேக்கிற பக்கத்தில நிண்டு பாட மாட்டன்."

"விழாவிலயோ? நீங்கள் இல்லாமல் கீழ்க்குரல் வராதே!"

"வரும். இவ்வளவு காலம் ஆரைப் பழக்கினனான்?"

"பதிலைப் பாட விடுவன் எண்டு நினைக்காதேங்கோ அம்மா. தாளில உள்ளபடிதான் நான் நடத்த வேணும். அவர் எழுதி வைச்ச இடத்திலதான் பாட்டு நிக்க வேணும்."

"நீங்கள் நிப்பாட்டுங்கோ" என்றேன்.

விழா ஞாயிறு பின்னேரம். குழுவுக்குக் கறுப்பு உடுப்பு. நான் மாம்பழ நிறத்தில் சேலை கட்டினேன். சனம் நிறைந்திருந்தது. பீடத்துக்கு வலது பக்கம் குழு நின்றது. நான் இடது பக்கம் முதல் வாங்கில் போய் உட்கார்ந்தேன். அங்கே முக்கியமானவர்கள் உட்கார வேண்டும் என்று ஒரு பெடியன் வந்து சொன்னான். "ஓம், அதுதான் இருக்கிறன்" என்றேன். என் மகன் பின்வரிசையில் கதவுக்குக் கிட்ட நின்றான். சும்மா கேட்கத்தான் போயிருந்தேன் என்று இப்போது நான் எழுதலாம். அது பொய்யாகிவிடும். வீட்டில் சேலைக்கு ஊசி குத்தும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

கடைசியாக அந்தப் பாட்டு வந்தது. கீழ்க்குரல் நன்றாக வந்தது. மடிப்பு ஒவ்வொரு வரியிலும் இருந்தது, தாதி மட்டும் கொஞ்சம் அதிகமாக மடித்தா. கடைசி வரி அந்தரத்தில் நின்றது. கைதட்டுகிறதற்கு முன் சனம் மூச்சு விடுமே, அந்த நேரத்தில் நான் எழும்பினேன்.

கண்டோம் தாயே, கண்டோம்.

தமிழில், உரத்து. பக்கத்தில் இருந்தவர் தன் தாளில் தேடினார். சனம் ரீச்சரைப் பார்த்தது. இவர்கள் வழக்கத்தில் ஒன்று உண்டு. நடத்துகிறவர் கையை இறக்கினால் பாட்டு முடிந்தது, கைதட்டலாம். கை மேலே இருக்கும்வரை ஒருவரும் தட்ட மாட்டார்கள். ரீச்சர் கையை அப்போதே இறக்கியிருக்கலாம். கைதட்டலில் என் குரல் அடிபட்டுப் போயிருக்கும். அவ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் கோபம் இருந்ததை நான் கண்டேன், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கை இறங்கவில்லை. ஏழு வரிக்கும் இரண்டு கையும் மேலேயே நின்றன. ஐந்தாவது வரியில் அவவுடைய விரல்கள் நடுங்கின, பாரம் தாங்காமல். நான் வேகமாகப் பாடவில்லை. எத்தனை மூச்சு வேண்டுமோ அத்தனை மூச்சு எடுத்தேன். நான் உட்கார்ந்த பிறகு அவ கையை இறக்கினா.

கைதட்டல் எனக்கு இல்லை, ஐயாவுக்கு. அது சரிதான். அவர் விழா.

வெளியில் தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில் ஒரு கிழவர் வந்தார், காதில் கருவி மாட்டியிருந்தார். அந்தப் பேராசிரியர். ரீச்சர் மொழிபெயர்த்தா, என் கண்ணைப் பார்க்காமல்.

"அந்தக் கடைசிப் பகுதி எந்தத் தாளில இருக்கு எண்டு கேக்கிறார்."

"தாளில இல்லை."

"அப்ப தான் அதை என்னெண்டு எழுதுறது எண்டு கேக்கிறார்."

"காதால கேட்டன் எண்டு எழுதட்டும். ஐயாவும் அப்பிடித்தானே எழுதினவர்."

கிழவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்தார். என் பெயரைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மன்னார்க் கரைப் பெண்கள் என்று ரீச்சர் சொன்னா, நான் சொல்லாமலே. அவர் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். அடுத்த பதிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார். அவருக்கு எண்பது வயது இருக்கும், எனக்கு எழுபத்தெட்டு. அடுத்த பதிப்பை யார் பார்ப்பது?

புத்தகம் இப்போது கோயில் வாசலில் அடுக்கிக் கிடக்கிறது. கெட்டி அட்டை, நல்ல தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் இடையர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ரீச்சர் இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் கிழமை, கேள்வி முடிகிற இடத்தில் மூச்சை எப்படி வைப்பது என்று கேட்டா. சொல்லிக் கொடுத்தேன். கேட்கிற பக்கத்தில் நான் இன்னும் நிற்கவில்லை. அடுத்த பதிப்பு வரட்டும்.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாது என்றுதான் இதை எழுதினேன். எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்றார்களே, இந்தா ஆதாரம். பதினொரு காலைப்பொழுது ஆயிற்று. மூன்றாம் வகுப்புப் படித்தவள் எழுதியது செல்லாது என்று யாரும் சொன்னால், எட்டு வயதுப் பிள்ளைக்கு இடையன் பாடினான் என்பதை எத்தனையாம் வகுப்புப் படித்தவர் பக்கத்தில் நின்று பார்த்தார் என்று கேளுங்கள்.

பேத்தி வேலையால் வந்துவிட்டாள், சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், என்னைவிட நன்றாக வாசிப்பாள். பிள்ளை, இஞ்ச வந்து இரு. முதலாம் பக்கத்தில இருந்து வாசி. எழுத்துப் பிழையைக் கண்டு சிரிக்காத, நிக்காமல் வாசி. கொஞ்சம் உரத்து வாசி பிள்ளை, உன்ர அப்பா குசினியில நிக்கிறார், அவருக்கும் கேக்கட்டும்.